சத்தம் புகாத அறை

— இப்ப கேட்குதா?

— இல்லண்ணே.

— மூச்சை நிறுத்திட்டுக் கேளு.

— நிறுத்திட்டுத்தான் கேட்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தினா என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும். ஒண்ணும் கேட்கல.

— சன்னமா இருக்கு, பாப்பா. ஊசி முனை மாதிரி. ‘ஈ’ன்னு ஒரே நீட்டு. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.

— எந்தப் பக்கத்துலருந்து வருது?

— அதுதான் பிடிபட மாட்டேங்குது. இப்படித் திரும்பினா இந்தப் பக்கம், அப்படித் திரும்பினா அந்தப் பக்கம். இந்த ஸ்டுடியோவுல எங்க நின்னாலும் ஒரே மாதிரி இருக்கு.

— முதல்ல, இந்தப் பாப்பாவை விடு. இன்னைக்கு ஒரு நாளாவது விடு. நான் இந்தக் கட்டடத்தோட ஆர்க்கிடெக்ட். நீ இந்தச் சேனலோட சவுண்ட் இன்ஜினியர். வீட்டுக்குப் போனப்புறம் பாப்பான்னு கூப்பிடு, கோழிக்குஞ்சுன்னு கூப்பிடு, எனக்கு ஆட்சேபணையே இல்ல.

— மைக்கை அணைச்சுத்தான் வச்சிருக்கேன், ஆர்க்கிடெக்ட் அம்மா. நாம பேசுறது யாருக்கும் கேட்காது. நீ போட்டிருக்கிற கண்ணாடி அப்படி. அந்தப் பக்கம் பாரு, மொத்த ஆபீசும் வேலையை விட்டுட்டு நின்னு நம்மளைத்தான் பார்க்குது. நியூஸ் டெஸ்க்ல அந்தக் குண்டு ஆள் தொண்டை கிழிய இருமிட்டிருக்கார். உள்ள வருதா?

— வரலல்ல?

— துளிகூட வரல.

— அப்புறம் என்னதான் வருதுங்கிற?

— அதைச் சொல்ல வேண்டியது நீ. கட்டினது நீதானே?

— கையை ஆட்டி ஆட்டிப் பேசாதண்ணே. நாம அடிச்சுக்கிறோம்னு நினைக்கப் போறாங்க. சிரிச்ச மாதிரி முகத்தை வச்சுக்க.

— சிரிச்சுக்கிட்டே சண்டை போட நான் என்ன அரசியல்வாதியா? கண்ணாடியே வேணாம், ஒழுங்கா ஒரு செவுரு வைன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? செய்தி வாசிக்கிறவங்களுக்குப் பின்னாடி டெஸ்க் தெரியணுமாம், ஆளுங்க ஓடுறது தெரியணுமாம், உலகமே பரபரப்பா இருக்கிற மாதிரி இருக்கணுமாம். இப்ப பாரு, மீன் தொட்டியில நிக்கிற மாதிரி நிக்கிறோம்.

— கண்ணாடி கேட்டது உங்க சீஃப். நான் கேட்கல.

— நீ வேணாம்னும் சொல்லல.

— மேடம், சீஃப் பேசுறேன். மேல ஸ்பீக்கர்ல என் குரல் வருதுல்ல? இங்க கண்ட்ரோல் ரூம்லருந்து உங்க ரெண்டு பேர் வாயும் அசையுறது தெரியுது, பேச்சு வரல. மைக் பொத்தானை அமுக்கிட்டுப் பேசுங்க.

— வருது சார். பேசுறேன்.

— பாருங்க, நான் கோபப்படல. எனக்கு ஏழு மணிக்குச் செய்தி. புதுக் கட்டடத்துலருந்து முதல் செய்தி. விளம்பரம் குடுக்கிறவங்க, மத்த சேனல்காரங்க, ஊர்ல பெரிய மனுஷன்னு யார் யார் உண்டோ எல்லாரும் மாடியில ஜூஸ் குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. உங்க அண்ணன் உள்ள போய் உட்கார்ந்து ‘சுத்தம்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுவார்னு நினைச்சேன்.

— அண்ணன் ஏதோ சத்தம் கேட்குதுங்கிறார் சார். சத்தம் அளக்கிற மீட்டர் ஒண்ணும் காட்டல. எனக்கும் கேட்கல.

— மீட்டரை நம்புறவனா இருந்தா நான் அவரை எதுக்கு உள்ள அனுப்புறேன்? எங்கப்பா இந்தச் சேனலை ஆரம்பிச்ச நாள்லருந்து இதுதான் வழக்கம். புது ரூம்னாலும் சரி, புது மைக்னாலும் சரி, மெஷின் என்ன சொன்னாலும் சரி, அவர் காது ‘சுத்தம்’னு சொன்னாத்தான் வாசல்ல சிவப்பு விளக்கு எரியும். அவர் காதைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? இங்க எல்லாரும் அவரைப் பாம்புக்காதுன்னுதானே கூப்பிடுறாங்க.

— தெரியும் சார். பார்த்துட்டுச் சொல்றேன்.

— சீக்கிரம் பாருங்க மேடம். ஜூஸ் தீர்ந்துட்டிருக்கு.

— அணைச்சுட்டேன். கேட்டியா உங்க சீஃப் பேச்சை? கோபப்படலையாம்.

— கோபப்படாமப் பேசும்போதுதான் அவர்கிட்ட பயப்படணும். சரி, நீ இப்படி வா. தரையில காதை வச்சுக் கேளு.

— இத்தனை பேர் பார்க்கும்போதா?

— கௌரவம் பார்க்கிற நேரமா இது?

— …இல்லண்ணே. ஒண்ணும் இல்ல.

— உன் காது வேலைக்கே ஆகாது. வருஷக்கணக்கா சிமெண்ட் கலக்குற மெஷின் பக்கத்துல நின்னு மரத்துப் போச்சு. எனக்கு நல்லாக் கேட்குது. எங்கேயோ ஏதோ எதையோ தொட்டுக்கிட்டு இருக்கு.

— எதுவும் எதையும் தொடல! எத்தனை தடவை சொல்றது? இது பெரிய ரூமுக்குள்ள வச்ச இன்னொரு ரூம். ரப்பர் கட்டை மேல உட்கார்ந்திருக்கு. உள் செவுருக்கும் வெளிச் செவுருக்கும் நடுவுல காத்து மட்டும்தான். இந்தத் தரை கீழ்த் தரையைத் தொடாது. வாசல்ல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ரெண்டு கதவு. ஏசி காத்துகூட சத்தம் போடக் கூடாதுன்னு அகலக் குழாயில மெதுவா நடந்து வருது. வேற என்னதான் பண்ணணும்?

— ஒரு ஆணி போதும் பாப்பா. இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போற மாதிரி ஒரே ஒரு ஆணி. இல்ல, நடுவுல கொத்தனார் கை தவறிப் போட்ட ஒரு சிமெண்ட் கட்டி. வெளியே என்ன ஓடுதோ அது அப்படியே உள்ள வந்து உட்கார்ந்துக்கும்.

— நானே குப்புறப் படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நடுவுல எலி நுழையுற அளவுக்கு இடம், அதுக்குள்ள தலையை விட்டுப் பார்த்தேன். முடியெல்லாம் சிமெண்ட். ஒரு கட்டி கிடையாது.

— அதோ, பக்கத்துச் செவுத்துல மாட்டியிருக்கிற சேனல் சின்னம்? அது நேத்துதானே வந்துச்சு? அதுக்கு எவ்வளவு நீள ஸ்க்ரூ போட்டாங்க?

— ஸ்க்ரூவே போடல. பசை. பக்கத்துல நின்னு ஒட்ட வச்சேன். உன்னை மாதிரி ஒருத்தர் வந்து கேட்பார்னு தெரிஞ்சுதான்.

— அப்ப லிஃப்ட். லிஃப்ட் மோட்டார்.

— லிஃப்ட் அந்தக் கோடியில இருக்கு.

— நிறுத்தச் சொல்லு.

— சார், ஆர்க்கிடெக்ட் பேசுறேன். லிஃப்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்ல முடியுமா?

— …நிறுத்தியாச்சு மேடம். கேளுங்க.

— இருக்கு. அது இல்ல. ஓட விடச் சொல்லு.

— ஓட விடலாம் சார். லிஃப்ட் இல்லையாம்.

— பாருங்க மேடம், லிஃப்ட்ல சோப்புக் கம்பெனி முதலாளி இருந்திருக்கார். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டார். நம்ம ஏழு மணிச் செய்திக்கு விளம்பரம் குடுக்கிறவர் அவர். இனிமே எதை நிறுத்தறதா இருந்தாலும் யாரை நிறுத்துறோம்னு பார்த்துட்டு நிறுத்துவோம்.

— மன்னிச்சுக்குங்க சார்.

— என்னடி, அவர்கிட்ட இப்படிக் கெஞ்சுற?

— கெஞ்சாம என்ன பண்ணச் சொல்ற? உனக்குத் தெரியுமா தெரியாதா, எனக்கு இது எப்படிப்பட்ட நாள்னு? பெரிய கம்பெனியில இருந்த வேலையை உதறிட்டு வந்து என் பேரைப் போட்டுக் கட்டின முதல் கட்டடம். அடுத்த ஊர்ல கட்டப் போற ஸ்டேஷனும் உங்களுக்குத்தான்னு சீஃப் வாய்விட்டுச் சொல்லியிருக்கார். இன்னைக்கு இது நின்னா எல்லாம் நின்னுடும். சத்தம் வர்ற ஸ்டுடியோ கட்டினவள்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, அப்புறம் எவனும் என்னைக் கழிப்பறை கட்டக்கூடக் கூப்பிட மாட்டான்.

— அதுக்காக இல்லாததை இருக்குன்னு சொல்றேனா? இருக்கிறதைச் சொல்றேன்.

— எனக்கு ஒரு சந்தேகம் கேட்கட்டுமா?

— கேளு.

— இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தியா?

— எதுக்கு?

— நான் போட்டியில ஜெயிச்சு இந்த வேலை எனக்குக் கிடைச்சப்ப, என் தங்கச்சின்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல நீ. சீஃபுக்கே வேற யாரோ சொல்லித்தான் தெரிஞ்சது. நான் பிளானை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து சாப்பாட்டு மேஜையில விரிச்சா, எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. நீ மட்டும் யூபிஎஸ் ரூம் ஏன் ஸ்டுடியோவுக்குக் கீழ இருக்குன்னு கேட்டுட்டு எழுந்து கை கழுவப் போயிட்ட. இப்ப எல்லாரும் பார்க்கும்போது, தங்கச்சி கட்டினதுல ஓட்டை கண்டுபிடிச்சா, பாம்புக்காது எவ்வளவு நேர்மையான ஆளுன்னு ஊரே பேசும்ல?

— அந்த வார்த்தையைத் திருப்பி எடு.

— எடுக்க மாட்டேன்.

— எடு பாப்பா. வலிக்குது. உன் பிளானை நீ தூங்கினப்புறம் நான் எத்தனை தடவை விரிச்சுப் பார்த்தேன்னு உனக்குத் தெரியாது. அண்ணன் சலுகையில வந்தவள்னு நாளைக்கு எவனாவது உன்னைச் சொல்லிடக் கூடாதேன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என்னைச் சொல்லிடக் கூடாதேன்னு இல்ல. உன்னை.

— …சரி. எடுத்துக்கிறேன். ஆனா அந்த யூபிஎஸ் கேள்வியை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

— மறக்காத. எனக்கு இப்ப அதுமேலதான் சந்தேகம்.

— முதல்ல ஏசி. அதை ஒழிச்சுக் கட்டிட்டு அப்புறம் கீழ போவோம்.

— மேடம், பேசிக்கிட்டே இருக்கீங்களே ஒழிய என்கிட்ட ஒண்ணும் வரலையே.

— சார், ஏசியை அணைச்சுப் பார்க்கணும். மொத்தக் கட்டடத்துக்கும்.

— மாடியில ஆளுங்க இருக்காங்க.

— கொஞ்ச நேரம்தான் சார்.

— …அணைச்சாச்சு. எனக்கு இங்க கண்ட்ரோல் ரூம்ல இப்பவே வேர்க்குது. சீக்கிரம்.

— ண்ணே? என்ன? இன்னும் கேட்குதா?

— ஏசி போனதும் அடியில இருந்த ஒரு சின்ன ‘ம்ம்’ போயிடுச்சு. அது உன் குழாய்ல வந்த காத்து. அதுல தப்பு சொல்ல மாட்டேன், அது சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ‘ஈ’ அப்படியே இருக்கு. நல்லாவே இருக்கு.

— ஏசியும் இல்லையாம் சார். போட்டுடலாம்.

— அவர் இன்னும் கேட்குதுங்கிறாரா? அவரைப் பேசச் சொல்லுங்க.

— கேட்குது சார். நான்தான் பேசுறேன்.

— நீங்க சொன்னா நான் நம்புவேன்னு உங்களுக்குத் தெரியும். எங்கப்பாவும் நம்பினார். ஆனா இங்க என்கூட நாலு பேர் நிக்கிறாங்க. மேடம் மைக் பொத்தானை அமுக்கினப்பல்லாம் ஹெட்போன்ல அந்த ரூமைத்தான் கேட்டுட்டு இருந்தாங்க, ஒருத்தருக்கும் கேட்கல. அதுல புதுசா வந்த ஒரு பையன், ரூமை அளந்து சொல்ற மெஷின் ஒண்ணு இருக்கு, இனிமே அதுவே போதும் சார், காதெல்லாம் எதுக்குங்கிறான். நான் அவன்கிட்ட வாயை மூடுன்னு சொன்னேன். எவ்வளவு நேரத்துக்குச் சொல்ல முடியும்?

— புரியுது சார்.

— பாருங்க, நான் ரெண்டு பேருக்கும் பொதுவாச் சொல்றேன். உள்ள சத்தம் இருக்குன்னா கட்டடம் தப்பு. ஏழு மணிச் செய்தி பழைய இடத்துலருந்து போகும். மாடியில இருக்கிறவங்ககிட்ட நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பேன், மேடத்துகிட்ட அடுத்த ஸ்டேஷனைப் பத்திப் பேச மாட்டேன். சத்தம் இல்லைன்னா, இவ்வளவு நேரம் எல்லாரையும் ஆட்டி வச்ச காது தப்பு. அப்படின்னா நாளையிலருந்து அந்தப் பையனோட மெஷின்தான் ‘சுத்தம்’ சொல்லும். கட்டடமா, காதா? ரெண்டுல ஒண்ணு எனக்கு இப்ப தெரிஞ்சாகணும். மழுப்பல் வேணாம்.

— சார், கடைசியா ஒண்ணு. யூபிஎஸ்ஸையும் மெயினையும் சேர்த்து அணைக்கணும்.

— மேடம், விளையாடுறீங்களா? மொத்த ஆபீஸ் கம்ப்யூட்டரும் படுத்துடும்.

— அதை அணைச்சா இந்தக் கட்டடத்துல ஒரு கம்பியிலகூட கரெண்ட் இருக்காது சார். அப்புறம் சந்தேகத்துக்கே இடம் இல்ல.

— …டெஸ்க்ல எழுதினதெல்லாம் சேவ் பண்ணச் சொல்றேன். அணைச்சா என் குரலும் வராது, உங்க மைக்கும் வேலை செய்யாது. கேட்டு முடிச்சதும் கண்ணாடி வழியா கையைத் தூக்குங்க, போடச் சொல்றேன். பாம்புக்காது சார், உங்களை நம்பி அணைக்கிறேன்.

— பாப்பா, இது யூபிஎஸ்தான். ஏன் கீழ வச்சிருக்கன்னு நான் அன்னைக்கே கேட்டேன்ல. அணைச்சதும் நின்னுடும் பாரு. நின்னா உனக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். அந்த ரூமை மாத்திக்கலாம். நான் கூட இருக்கேன், ரெண்டு பேரும் சேர்ந்து மாத்துவோம்.

— சும்மா இருண்ணே. விளக்கெல்லாம் போகுது பாரு.

— ம்.

— அணைஞ்சிடுச்சு. வெளி ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். எல்லாரும் நம்மளைப் பார்த்துக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க.

— …

— அடேயப்பா. இதை நானா கட்டினேன்? என் வாட்ச் ஓடுறது கேட்குது. நீ எச்சில் முழுங்குறது கேட்குது. ண்ணே, நின்னுடுச்சா? யூபிஎஸ்தானா? சொல்லு, நான் கோபப்பட மாட்டேன்.

— நிக்கல.

— என்ன?

— நிக்கல, பாப்பா. இப்பதான் நல்லாவே கேட்குது. மத்ததெல்லாம் போனதும் இது மட்டும் ரூம் முழுக்க நிக்குது.

— எதுலருந்து வரும்? மோட்டார் இல்ல, விளக்கு இல்ல, மெஷின் இல்ல. மொத்தக் கட்டடமும் செத்துக் கிடக்கு.

— இரு. இது எனக்குப் பழக்கமான சத்தம். நான் இதைக் கேட்டிருக்கேன். பழைய ஸ்டுடியோவுல. எல்லாரும் வீட்டுக்குப் போய், அந்தக் கிழட்டு ஏசியையும் அணைச்சப்புறம் கேட்கும். பின்பக்கம் இருந்த டிரான்ஸ்ஃபார்மர்தான்னு சீஃபோட அப்பாகிட்டச் சொல்லி அதை மாத்தக்கூட வச்சேன்.

— மாத்தினதும் நின்னுச்சா?

— நின்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் திரும்ப வந்துச்சு. புதுசும் மட்டமான சரக்குன்னு விட்டுட்டேன்.

— அங்க வேற யாருக்காவது கேட்டுச்சா?

— யாருக்கும் கேட்கல. எனக்கு மட்டும் கேட்டதுனாலதான் ஆளாளுக்கு வாயைப் பிளந்தானுங்க.

— ண்ணே, அண்ணி ஒரு நாள் என்கிட்டச் சொன்னாங்க. நீ ரேடியோவை முணுமுணுன்னு ஓட விட்டாத்தான் தூங்குறியாம். அவங்க எழுந்து அணைச்சா உடனே முழிச்சுக்கிறியாம். எதுக்கு ரேடியோ?

— அது பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ். பழசு. ஊர் அடங்கினதும் அது…

— ண்ணே.

— பழைய ஃப்ரிட்ஜ் பாப்பா, அது அப்படித்தான் கத்தும்.

— ரெண்டு காதையும் பொத்திக்க.

— எதுக்கு?

— பொத்திக்கயேன். உள்ளங்கையால, இறுக்கமா. யார் பார்த்தாலும் பார்க்கட்டும். நான் உன் கையைத் தொட்டப்புறம் எடு.

— …

— போதும். எடு. எடுண்ணே. …என்ன?

— பாப்பா.

— சொல்லு.

— வெளியிலருந்து வர்ற சத்தமா இருந்தா பொத்தினதும் குறைஞ்சிருக்கணும்ல?

— ஆமா.

— குறையல. கிட்ட வந்துடுச்சு.

— உட்காரு. அந்த நாற்காலியில உட்காரு. செய்தி வாசிக்கிறவங்களுக்குத்தான் போட்டிருக்கு, பரவாயில்ல, உட்காரு.

— நீ இப்ப வாட்ச் சத்தம் கேட்குதுன்னு சொன்னியே.

— ஆமா.

— இப்பவும் ஓடுதா?

— ஓடுது.

— கையை என் காதுகிட்டக் கொண்டு வா. …இன்னும் கிட்ட.

— ஒட்டித்தான் வச்சிருக்கேன்ணே.

— கேட்கல பாப்பா. வாட்ச் கேட்கல. இந்தச் சனியன்தான் கேட்குது.

— அழாதண்ணே. இப்படித் திரும்பிக்க, கண்ணாடிக்கு முதுகைக் காட்டு. என்னைப் பாரு. இது நிறையப் பேருக்கு வர்றதுதான். டாக்டர்கிட்டப் போவோம், நாளைக்கே போவோம், நானே கூட்டிட்டுப் போறேன்.

— டாக்டர் வந்து யார் முன்னாடி என் மானத்தைக் காப்பாத்துவார்? எத்தனை பேர் பாடினதை, பேசினதை இந்தக் காதை வச்சு மறுபடி எடு மறுபடி எடுன்னு விரட்டியிருக்கேன். அதுல எத்தனை நிஜமா சத்தம், எத்தனை என் தலைக்குள்ள இருந்த சத்தம்? எனக்கு கேமரா தெரியாது, எடிட்டிங் தெரியாது. கேட்கத்தான் தெரியும். பயமா இருக்கு பாப்பா. உன்கிட்டத்தானே சொல்ல முடியும், ரொம்ப பயமா இருக்கு.

— எனக்கும் பயமாத்தான் இருக்கு.

— உனக்கு என்ன பயம்? நீ ஜெயிச்சுட்ட. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. உன் யூபிஎஸ் மேலயும் இல்ல. அதை ஏன் அங்க வச்சன்னு நான் கேட்டதே வீண். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. எத்தனையோ ஸ்டுடியோவுல உட்கார்ந்திருக்கேன். ஏசியை அணைச்சதும் இங்க விழுந்த அமைதி மாதிரி ஒண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்ல. நீ நல்லாக் கட்டியிருக்க பாப்பா. ரொம்ப நல்லாக் கட்டியிருக்க.

— இதை ஒரு நாள் நீ சொல்லணும்னு எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? இன்னைக்குத்தானா சொல்லணும்?

— இன்னைக்குத்தானே தெரிஞ்சது. சரி, கையைத் தூக்கு. கரெண்ட் வரட்டும்.

— வேணாம். கொஞ்சம் இரு. யோசிக்கலாம்.

— யோசிக்க என்ன இருக்கு? அந்த ஆள் நேராத்தானே கேட்டார். நானும் நேரா சொல்லிட்டுப் போறேன். அந்தப் பையனோட மெஷினுக்கு இன்னைக்கே வேலை கிடைக்கட்டும். ஏழு மணிச் செய்தி உன் ஸ்டுடியோவுலருந்தே போகட்டும்.

— சொன்ன அடுத்த நிமிஷம் நீ வெறும் ஆளாயிடுவ. அந்தப் பையன்கூடச் சிரிப்பான். காது போன பாம்புக்காதுன்னு கேன்டீன்ல பேசுவாங்க.

— பேசட்டும். இருபது பேர் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க.

— நீ மறப்பியா?

— கையைத் தூக்கு பாப்பா. இல்லைன்னா நான் தூக்குவேன்.

— தூக்குறேன். மைக் பொத்தான் என்கிட்டயே இருக்கட்டும்.

— ஏசி சத்தம் வருது. வந்துடுச்சு எல்லாம்.

— மேடம், கேட்குதா? கரெண்ட் வந்துடுச்சு. மாடியில எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. ஏன் அவர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கார்? முடிவு என்ன?

— குடு பாப்பா, நான் பேசுறேன். பொத்தானை விடு. சார், நான்தான். முடிவு சொல்றேன். வந்து, என்னோட…

— சார், தங்கச்சியாச்சேன்னு அண்ணன் சொல்லத் தயங்குறார். நானே சொல்லிடுறேன்.

— யார் சொன்னா என்ன மேடம், ஒரே வார்த்தையில சொல்லுங்க. கட்டடமா, காதா?

— கட்டடம்தான் சார். எங்கேயோ நான்தான் கோட்டை விட்டிருக்கேன். அண்ணனுக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு.